தொலைநோக்கியில் எந்தக் கேமராவை மாட்டினால் படம் கூர்மையாக வரும்?

அக்கா மகன் எஸ்.பி.எம். (மலேசியாவின் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்துவிட்டு நான்கு மாதம் பேரங்காடியில் வேலை செய்து கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறான். போன வாரம் வீட்டுக்கு வந்தவன், தே தாரேக் தேநீர் ஆறுவதற்குள் கேட்டுவிட்டான்: "மாமா, நம்ம டெலஸ்கோப்ல எந்தக் கேமரா போட்டா படம் கூர்மையா வரும்?" கைபேசியையே ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையில்) பிடித்து எடுக்கலாமா, லென்ஸைக் கழற்றி மாட்டும் பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கலாமா, கோள்களை எடுப்பதற்கென்றே வரும் சின்னக் கேமரா வாங்கலாமா, அல்லது எல்லாவற்றையும் விட்டுவிட்டு தானே தேடிப் படம் எடுக்கும் ஸ்மார்ட் தொலைநோக்கி ஒன்றை வாங்கிவிடலாமா என்று நான்கு வழிகளை எழுதிக்கொண்டே வந்திருந்தான். அன்றைக்கு வாயால் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இருப்பது 150 மி.மீ. ஆடியும் 1200 மி.மீ. குவியத்தூரமும் (ஆடியிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரம்) கொண்ட டாப்சோனியன், அதாவது எளிய தாங்கியில் உட்காரும் ஆடித் தொலைநோக்கி. 1200-ஐ 150-ஆல் வகுத்தால் 8, அதனால் இதை எஃப்/8 என்பார்கள். மோட்டார் கிடையாது, கையால் தள்ளித்தான் திருப்ப வேண்டும். இடம் மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங். வீடு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருந்தாலும் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துப் பந்துத் திடலுக்குத்தான் போவோம். சுற்றிலும் செம்பனை, மேற்கே ஜெராய் மலை, ஒரு பக்கம் ஆலையின் வெளிச்சம். இருட்டு சுமார்தான். ஆனால் நிலாவுக்கும் வியாழனுக்கும் சனிக்கும் இருட்டு பெரிதாகத் தேவையில்லை. அவற்றுக்கு வேண்டியது ஆடாத காற்று, அது நமக்கு நிறையவே கிடைக்கிறது.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேமராவைத் தேர்ந்தெடுப்பதே இதை வைத்துத்தான். குளிர் நாடுகளில் தலைக்கு மேல் ஓடும் ஜெட் காற்றோட்டம் கோள்களின் படத்தைக் கலக்கிவிடும். நிலநடுக்கோட்டுப் பக்கம் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. அதோடு நாம் ஏறக்குறைய 5.7 பாகை வடக்கில் இருக்கிறோம், அதனால் எந்தக் கோளும் அது உச்சத்துக்கு வரும் நேரத்தில் சுமார் 60 பாகை உயரத்துக்குக் கீழே நிற்பதில்லை. லண்டனில் இருப்பவருக்கு அதே கோள் சில ஆண்டுகளில் 15 பாகை உயரத்தில், கூரைகளுக்கு மேலே தவழ்ந்துகொண்டிருக்கும். பிலிப்பைன்ஸின் செபு நகரத்திலிருந்து படம் எடுக்கும் கிறிஸ்டபர் கோ 2006 பிப்ரவரியில் வியாழனின் இன்னொரு புயல் சிவப்பாக மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார், 2010 ஜூனில் வியாழன் மேல் ஏதோ மோதி மின்னியதையும் பதிவு செய்தார். செபு இருப்பது நம்மைப் போன்ற வெப்ப மண்டலத்தில், வடக்கே 10 பாகையில். அவருடைய தொலைநோக்கி நம்முடையதைவிடப் பெரியதுதான், ஆனாலும் இந்த வானத்தின் கீழே என்ன முடியும் என்பதற்கு அவர் ஒரு சான்று.

சரி, இனி கைபேசி. ஐபீஸின் மேல் கவ்விக்கொள்ளும் பிடி ஒன்று வாங்கினால் போதும், செலவு நான்கு வழிகளிலும் இதில்தான் குறைவு. 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 48 மடங்கு பெரிதாகி நிலா முழுதாக அடங்கும். படம் மங்கலாக வருவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். கைபேசி தானாக ஃபோகஸைத் தேடித் தேடி அலைவது ஒன்று, இரண்டு மூன்று லென்ஸ் உள்ள கைபேசி சொல்லாமல் கொள்ளாமல் வேறு லென்ஸுக்கு மாறிவிடுவது இன்னொன்று, பொத்தானைத் தொடும்போது முழுத் தொலைநோக்கியும் ஆடுவது மூன்றாவது. திரையில் நிலாவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, மூன்று நொடி டைமர் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நைட் மோடை அணைத்துவிட வேண்டும், அது பல நொடி திறந்து வைத்து எடுக்கும், அதற்குள் நிலா நகர்ந்துவிடும். நிலாவுக்கு இது நல்ல வழி, நான் இப்போதும் செய்கிறேன். வியாழனுக்கு வந்தால் இரண்டு பட்டைகளும் நான்கு நிலவுகளும் தெரியும், அதோடு சரி. கைபேசியின் மென்பொருள் தன் பங்குக்கு நுண்ணிய விவரங்களைத் தேய்த்துவிட்டு ஓரங்களை மட்டும் கூராக்கிக் காட்டும், அந்தக் கூர்மையை நம்ப வேண்டாம்.

ஒரு சின்ன விஷயம், தைப்பூசத்துக்கு நிலாவைப் படம் எடுத்துத் தரும்படி வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். எடுக்கலாம், ஆனால் முழுநிலாவில் சூரிய ஒளி நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது, ஃபோகஸ் சரியாக இருந்தாலும் படம் மொழுக்கென்றுதான் தெரியும். வளர்பிறை ஏழாம் எட்டாம் நாளில், வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டில் எடுத்துப் பாருங்கள்.

டிஎஸ்எல்ஆர் வழியில்தான் நான் அதிகம் சிரமப்பட்டேன். கல்யாணப் படம் எடுக்கும் நண்பர் தன் பழைய கேமராவைக் கொடுத்தார், கேமராவைத் தொலைநோக்கியோடு இணைக்கும் டீ-ரிங்கும் மூக்குக் குழாயும் வாங்கி மாட்டினேன், நிலா ஒரு பெரிய வெளிச்சப் பந்தாக நின்றதே தவிர ஃபோகஸ் வரவேயில்லை. ஃபோகஸர் குழாயை (ஃபோகஸுக்காக உள்ளேயும் வெளியேயும் நகரும் குழாயை) முழுக்க உள்ளே தள்ளியும் இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும் போலவே இருந்தது. அன்றிரவு தொலைநோக்கியில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். கோளாறு எதுவும் இல்லை. டிஎஸ்எல்ஆரில் சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) உடலுக்குள்ளே ஆழத்தில் இருக்கிறது, கேனன் கேமராவில் 44 மி.மீ. உள்ளே, டீ-ரிங்கையும் சேர்த்தால் 55 மி.மீ. ஆகிவிடும். கண்ணால் பார்ப்பதற்கென்று செய்யப்பட்ட பல நியூட்டோனியன்களில் (எங்கள் டாப்சோனியனும் இந்த வகை ஆடித் தொலைநோக்கிதான்) ஒளி குவியும் இடம் அவ்வளவு தூரம் வெளியே வருவதில்லை. விற்ற கடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நீங்கள் வாங்கும்முன் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். தீர்வு எளிது: 2 மடங்கு பார்லோ வில்லையை நடுவில் போட்டால் குவியும் இடம் வெளியே தள்ளப்படும், ஃபோகஸ் கிடைத்துவிடும். ஆனால் குவியத்தூரமும் 2400 மி.மீ. ஆகிவிடும். 1200-இல் சென்சார் மேல் 11 மி.மீ. அகலத்துக்கு விழுந்த நிலா இப்போது 22 மி.மீ. ஆகி, 15 மி.மீ. உயரச் சென்சாருக்கு வெளியே வழிந்துவிடும். அப்புறம் துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டியதுதான்.

ஃபோகஸ் கிடைத்துவிட்டால் நிலாவுக்கு டிஎஸ்எல்ஆர் அருமையான கருவி. லைவ் வியூவில், அதாவது கேமராவின் திரையில் நேரடியாகப் பார்க்கும் முறையில், 10 மடங்கு பெரிதாக்கி ஒரு பள்ளத்தின் விளிம்பைப் பார்த்துத் திருகலாம். லைவ் வியூவில் உள்ளே இருக்கும் கண்ணாடி ஏற்கெனவே மேலே தூக்கியபடி இருப்பதால் அது அடிக்கும் அதிர்வும் குறையும். இரண்டு நொடி டைமர், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 200 அல்லது 400, ஷட்டர் 1/125 பக்கம். பார்லோ இருந்தால் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும், அதற்கேற்ப ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டும். மோட்டார் இல்லையே, நிலா நகராதா என்று கேட்டால், நகரும். ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை. பூமி சுற்றுவதால் வானம் நொடிக்கு 15 விகலை ஓடுகிறது, ஆனால் 1/125 நொடியில் அது 0.12 விகலைதான். 150 மி.மீ. ஆடி பிரித்துக் காட்டக்கூடிய எல்லையே சுமார் 0.77 விகலை, ஆகவே அந்த ஓட்டம் படத்தில் தெரியாது. பலரும் மோட்டார் இல்லாததால்தான் படம் மங்கல் என்று நினைக்கிறார்கள். நிலா மங்கலாக இருந்தால் முதலில் ஃபோகஸையும் அதிர்வையும் பாருங்கள்.

வியாழனில்தான் டிஎஸ்எல்ஆர் திணறுகிறது. 45 விகலை அகலமுள்ள வியாழன் 1200 மி.மீ. குவியத்தூரத்தில் கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அதாவது 60 பிக்சல் சொச்சம். பொத்தானை அழுத்திய அந்த ஒரு கணத்தில் காற்று கலங்கியிருந்தால் படம் போச்சு, நூறு தடவை அழுத்தினால் நான்கு ஐந்து தேறும். வீடியோவாக எடுக்கலாம், ஆனால் சாதாரண வீடியோவில் கேமரா முழுச் சென்சாரையும் சுருக்கித் தருவதால் விவரம் தொலைந்துவிடும். கேனன் 550டி, 60டி போன்ற சிலவற்றில் நடுப்பகுதியை மட்டும் அப்படியே பதிவு செய்யும் 640×480 வீடியோ வசதி உண்டு, கைக்கு எட்டிய பழைய கேமரா அந்த வகையாக இருந்தால் கோள்களுக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். இன்னொன்று எடை. முக்கால் கிலோ கேமராவைக் குழாயின் முனையில் தொங்கவிட்டால் டாப்சோனியன் மூக்கைக் கவிழ்க்கும். பின்னால் எதிர் எடை கட்ட வேண்டியிருந்தது, நான் மணல் நிரப்பிய பையைக் கட்டினேன்.

கோள் கேமரா ஐபீஸ் அளவில்தான் இருக்கும், ஐபீஸ் போகும் அதே துளையில் நேராக நுழையும், எடையும் கிட்டத்தட்ட அவ்வளவே. உள்ளே சென்சார் சிறியது. உதாரணத்துக்கு சோனி ஐஎம்எக்ஸ்462 வகையில் 2.9 மைக்ரான் பிக்சல், மொத்தச் சென்சாரும் ஏறக்குறைய 5.6 × 3.2 மி.மீ. சென்சார் கேமராவின் முன்பக்கத்திலேயே இருப்பதால் ஃபோகஸ் எட்டாத பிரச்சினை பெரும்பாலும் வராது. 2 மடங்கு பார்லோவோடு போட்டால் ஒரு பிக்சலுக்கு கால் விகலை, வியாழன் 180 பிக்சலுக்கு மேல் விரியும், ஆடி பிரித்துக் காட்டும் மிக நுண்ணிய விவரம் மூன்று பிக்சலில் விழும். கூர்மைக்குத் தேவையான அளவு இதுதான், இதற்கு மேல் பார்லோவைக் கூட்டினால் படம் பெரிதாகுமே தவிர புதிதாக ஒன்றும் தெரியாது.

இதன் பலம் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒவ்வொரு படத்தையும் 10 மில்லிநொடியில் எடுத்தால் நொடிக்கு 100 வரை மடிக்கணினிக்குள் கொட்டும். அந்த ஆயிரக்கணக்கான படங்களில் காற்று அசையாமல் நின்ற கணங்கள் சில நூறு கட்டாயம் இருக்கும். ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற இலவச மென்பொருள் அவற்றை மட்டும் பொறுக்கி, சிறந்த 10 அல்லது 20 விழுக்காட்டை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கித் தரும், அப்புறம் ரெஜிஸ்டாக்ஸில் கூராக்கலாம். நல்ல கணத்துக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டு எல்லாக் கணத்தையும் அள்ளிக்கொண்டு பிறகு பொறுக்குவது என்ற இந்த முறைக்கான கணக்கை டேவிட் ஃபிரைட் 1978-இலேயே எழுதிவிட்டார், அன்றைக்கு அதற்குக் கருவி இல்லை, இன்றைக்கு நம் கையில் இருக்கிறது. நம் ஊர்க் காற்றில் நல்ல கணங்கள் அதிகம், அதனால் இந்த முறைக்கு இங்கே கிடைக்கும் பலனும் அதிகம். நான் கோள் கேமராவுக்கு வாதாடுவதற்குக் காரணம் இதுவே.

சிரமத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2400 மி.மீ. குவியத்தூரத்தில் அந்தச் சென்சார் பார்க்கும் அகலம் 8 கலைதான், நிலாவின் அகலத்தில் கால் பங்கு. கையால் தள்ளி வியாழனை அதற்குள் கொண்டுவருவது முதல் சில இரவுகளில் கண்ணீர் வரவைக்கும். குழாயின் மேல் இருக்கும் சின்னத் தேடுதொலைநோக்கியைப் பகலிலேயே தூரத்து மின்கம்பம் ஒன்றின் உச்சியைப் பார்த்துத் துல்லியமாக ஒழுங்குபடுத்திவிடுங்கள், பார்லோ இல்லாமல் முதலில் பிடித்துப் பிறகு பார்லோவைப் போடுங்கள். வியாழன் திரையின் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேற ஏறக்குறைய 30 நொடி. வியாழனைத் திரைக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, கையை எடுத்து, ஆட்டம் அடங்கட்டும் என்று காத்திருந்தால் தானாக நகர்ந்து உள்ளே வரும், அப்போது பதிவு செய்ய வேண்டும். ஒரு கடப்புக்கு இரண்டாயிரம் படத்துக்கு மேல் கிடைக்கும், மூன்று நான்கு கடப்பு போதும். ஆனால் மொத்தமும் 3 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், ஏனென்றால் வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றிவிடுகிறது, 3 நிமிடத்தில் அதன் வட்டின் நடுவில் இருக்கும் புள்ளி 0.7 விகலை நகர்ந்திருக்கும், அது நம் தொலைநோக்கியின் எல்லைக்கே சமம். இன்னொன்று, வண்ணக் கோள் கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி உள்ளே இருக்காது. அது இல்லாவிட்டால் பார்லோ வில்லை அகச்சிவப்பை வேறொரு இடத்தில் குவித்துப் படத்தைச் சுற்றிலும் பனி போல மங்கலாக்கும். வடிகட்டியையும் சேர்த்தே வாங்குங்கள்.

ஸ்மார்ட் தொலைநோக்கியைப் பற்றி அவன் ஆசையாகக் கேட்டான். 2023-இல் வந்த சீஸ்டார் எஸ்50-ஐ எடுத்துக்கொள்வோம். 50 மி.மீ. வாய், 250 மி.மீ. குவியத்தூரம், தானே தேடும், தானே ஃபோகஸ் செய்யும், தானே அடுக்கும், பனித்துளியைத் தடுக்கச் சூடாக்கியும் உள்ளே உண்டு. ஓரியன் நெபுலாவையும் நட்சத்திரக் கூட்டங்களையும் திடலில் வைத்துவிட்டு பக்கத்து ஒட்டுக்கடையில் (சிறு உணவுக் கடையில்) உட்கார்ந்தபடியே எடுக்கலாம், எங்கள் டாப்சோனியனால் அது முடியவே முடியாது. ஆனால் அதன் ஒரு பிக்சலுக்கு 2.4 விகலை, வியாழன் 19 பிக்சல் அகலத்தில் ஒரு பொட்டாகத்தான் விழும். நெபுலா வேண்டுமென்றால் தயங்காமல் வாங்கலாம், கோள் வேண்டுமென்றால் அந்தப் பணம் வீண். வான ஓட்டத்தோடு தானே திரும்பும், மோட்டார் வைத்த ஈக்குவட்டோரியல் தாங்கி வாங்கலாமா என்றும் கேட்டான். அதன் அச்சை வானத்தின் துருவத்தை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். நமக்கு வடதுருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து சுமார் ஆறு பாகையில்தான் நிற்கிறது, திடலில் அது செம்பனைக்குப் பின்னால். அந்தச் செலவும் அந்தப் பாடும் இப்போது வேண்டாம்.

எந்தக் கேமராவாக இருந்தாலும் ஃபோகஸ்தான் பாதி வேலை. எஃப்/8-இல் ஃபோகஸ் சரியாக இருக்கும் இடத்தின் தடிமன் ஏறக்குறைய 0.14 மி.மீ., எஃப்/5 தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு அது 0.06 மி.மீ.கூட இல்லை. திருகியைத் தொட்டால் படம் ஆடும், ஆடும் படத்தில் எது கூர்மை என்று தெரியாது. அதற்கு நான் செய்வது, துணி காயப்போடும் மரக் கிளிப் ஒன்றைத் திருகியில் கவ்வவிட்டு, அதன் நீண்ட நுனியை ஒரு விரலால் தட்டுவது. விரல் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் திருகி மயிரிழைதான் திரும்பும், ஆட்டமும் குறைவு. நட்சத்திரத்தை வைத்து ஃபோகஸ் செய்ய பாஹ்தினோவ் மறைப்பு இருக்கிறது, ரஷ்யரான பாவெல் பாஹ்தினோவ் 2005 வாக்கில் உருவாக்கியது. மூன்று திசையில் கோடு வெட்டிய மறைப்பைக் குழாயின் வாயில் வைத்தால் பிரகாசமான நட்சத்திரம் ஒரு பெருக்கல் குறியும் நடுவே ஒரு கோடுமாகத் தெரியும், அந்தக் கோடு சரியாக நடுவில் வந்தால் ஃபோகஸ் முடிந்தது. தடித்த அட்டையில் கத்தியால் வெட்டிக்கூடச் செய்துகொள்ளலாம். கண்ணின் தீர்ப்பைவிட இதையே நான் நம்புகிறேன். கோளுக்குப் பக்கத்தில் உள்ள நட்சத்திரத்தில் செய்துவிட்டு, ஃபோகஸர் பூட்டுத் திருகை இறுக்கி, பிறகு கோளுக்குத் திருப்புங்கள்.

இடமும் நேரமும் கேமராவுக்குச் சமம். தாமானில் எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து பக்கத்து வீட்டுத் தகரக் கூரைக்கு மேலே எடுத்தால் இரவு பத்து மணிவரைக்கும் கூரையின் சூடு எழும்பிப் படத்தை நெளிய வைக்கும், தார் போட்ட இடமும் அப்படியே. ஆலைப் பக்கம் திருப்பினாலும் அதே கதை. புல்திடல்தான் நல்லது. பகலெல்லாம் வீட்டில் குளிர்சாதன அறையில் வைத்திருந்த தொலைநோக்கியை வெளியே கொண்டுபோனதும் ஆடியில் பனி படியும், அதனால் சாதாரண அறையிலேயே வையுங்கள், அரை மணி நேரத்தில் வெளிக்காற்றுக்குப் பழகிவிடும். எடுத்து முடித்ததும் பார்லோவையும் கேமராவையும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். நம் ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடித்தால் அதற்கப்புறம் எந்தக் கேமராவும் உதவாது.

அவனுக்கு நான் சொன்ன முடிவு: இப்போதைக்குக் கைபேசிப் பிடியை மட்டும் வாங்கு, நிலாவில் பழகு, கிளிப்பும் மறைப்பும் கையில் படியட்டும். அடுத்த செலவு கோள் கேமரா, 2 மடங்கு பார்லோ, வடிகட்டி, மூன்றும் சேர்த்து. வீட்டில் பழைய மடிக்கணினி இருக்கிறது, அதில் வேகமான வட்டு மட்டும் மாற்ற வேண்டும். டிஎஸ்எல்ஆர் இரவல் கிடைத்தால் வாங்கிக்கொள், காசு கொடுத்து வாங்காதே.

வியாழன் 2027 பிப்ரவரியில் சூரியனுக்கு நேரெதிரே வருகிறது. கெடாவில் அது வறண்ட மாதம், மேகம் குறைவு. நம் நேரப்படி அதிகாலை ஒன்றரை மணிவாக்கில் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும், ஆனால் டாப்சோனியனை நேர் மேலே வைத்துத் திருப்புவது கஷ்டம், அதனால் நள்ளிரவு 12 மணிக்கே, 65 பாகை உயரத்தில் இருக்கும்போது, திடலில் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அக்காவிடம் அனுமதி வாங்குவது அவன் பொறுப்பு, தேநீர்க் குடுவை என் பொறுப்பு.